எழுத்தாட்டமும் தமிழ் மரபும்

தரப்பட்ட சில எழுத்துகளைக் கலைத்தும் கூட்டியும் சிறுசிறு சொற்களைக் கண்டெடுப்பது ஆங்கிலம் பயிலும் சிறுவர்க்கு நன்கு பழகிய விளையாட்டு. ஜார்ஜ் டவுனில் நண்பர் ஒருவரின் இல்லத்திற்கு ஒரு மாலை சென்றிருந்தேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு பயிலும் அவர்தம் மகள் இவ்விளையாட்டில் ஆழ்ந்திருந்தாள். ஏழு எழுத்துகளைக் கொண்டு இருபதுக்கும் மேற்பட்ட ஆங்கிலச் சொற்களை அவள் எழுதி முடித்திருந்தாள். "தமிழிலும் இவ்வாறு செய்வாயா, அம்மா?" என்று வினவினேன். "தமிழில் முடியாது, மாமா. அதில் 247 எழுத்து இருக்கின்றனவே" என்று தயக்கமின்றி விடையிறுத்தாள்.

அவ்விடையில் குழந்தையின் குற்றம் ஏதுமில்லை. தமிழெழுத்து மனப்பாடம் செய்வதற்குரியது, ஆங்கில எழுத்து ஆடி மகிழ்வதற்குரியது என்னும் எண்ணத்தை அவளுக்கு ஊட்டியவர்கள் பெரியவர்களாகிய நாமே. தமிழில் இது முடியுமா, முடியுமாயின் அதன் பயன் யாது, அதன் எல்லை எது என்னும் மூன்று வினாக்களை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

விளையாட்டின் தோற்றமும் பரவலும்

எழுத்துகளைக் கூட்டிச் சொல்லாக்கும் ஆட்டங்களுள் உலகெங்கும் பரவியது ஸ்கிராபிள். அமெரிக்காவைச் சேர்ந்த ஆல்பிரெட் பட்ஸ் என்னும் கட்டடக் கலைஞர், பொருளாதார வீழ்ச்சியால் வேலையிழந்திருந்த 1930களில் இதனை உருவாக்கினார். ஒவ்வோர் எழுத்தும் ஆங்கிலத்தில் எத்துணை முறை பயின்று வருகின்றது என்பதைச் செய்தித்தாள்களை வைத்து எண்ணிக் கணக்கிட்டு, அதற்கேற்பவே அவர் காய்களை வகுத்தார். இன்றைய ஆட்டத்தில் 100 காய்கள் உள்ளன. மிகுதியாக வழங்கும் 'ஈ' என்னும் எழுத்துக்கு 12 காய்கள். அருகியே வழங்கும் 'கியூ', 'இசட்' ஆகியவற்றுக்கு ஒவ்வொரு காயே. அவற்றின் மதிப்போ பத்துப் புள்ளி. 1948இல் ஸ்கிராபிள் என்னும் பெயர் பெற்றுச் சந்தைக்கு வந்த இவ்வாட்டம், ஆங்கிலம் சென்ற இடமெல்லாம் சென்றது.

மலேசியாவிற்கும் இதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 2003ஆம் ஆண்டின் உலகப் போட்டி கோலாலம்பூரில் நடைபெற்றது. 2007இல் மும்பையில் நடந்த உலகப் போட்டியின் இறுதிச் சுற்றுவரை முன்னேறி இரண்டாம் இடம் பெற்றவர் மலேசியரான கணேஷ் ஆசீர்வாதம். மலாய் மொழிக்கென இதே முறையில் அமைந்த 'சாஹிபா' என்னும் ஆட்டம் மலேசியப் பள்ளிகளில் ஆடப்பட்டு வருகின்றது. ஆங்கிலத்திற்கு ஓர் ஆட்டம் உண்டு. மலாய்க்கு ஓர் ஆட்டம் உண்டு. தமிழ் மாணவன் இரண்டையும் ஆடுகின்றான். தன் தாய்மொழியின் எழுத்தை மட்டும் அவன் கையிலெடுத்துப் புரட்டிப் பார்ப்பதில்லை.

பொருளறியாச் சொல்

இவ்வாட்டத்தைப் புகழ்ந்துரைக்கும் முன் அதன் குறையொன்றையும் நோக்குதல் வேண்டும். மும்பைப் போட்டியில் முதலிடம் பெற்றவர் நைஜல் ரிச்சர்ட்ஸ். நியூசிலாந்தில் பிறந்து மலேசியாவில் குடியேறியவர் இவர். 2015ஆம் ஆண்டில் பிரெஞ்சு மொழி ஸ்கிராபிள் போட்டியிலும் இவரே வாகை சூடினார். இதில் வியப்பு யாதெனில், பிரெஞ்சு மொழியில் உரையாட அவருக்குத் தெரியாது. அம்மொழிச் சொற்பட்டியலை ஒரு சில வாரங்களில் நினைவிலிருத்திக்கொண்டு ஆடினார். அவருடைய நினைவாற்றலை மெச்சாதிருக்க இயலாது. ஆயினும் அந்நிகழ்ச்சி ஓர் உண்மையை ஐயத்திற்கிடமின்றி வெளிப்படுத்திற்று. இவ்வாட்டத்தில் வெல்வதற்குச் சொல் வேண்டும், பொருள் வேண்டுவதில்லை.

ஆங்கிலத்தில் இதனைத் திறம்பட ஆடுவோர் முதற்கண் கற்பது ஈரெழுத்துச் சொற்களின் பட்டியலையே. அப்பட்டியலில் நூற்றுக்கு மேற்பட்ட சொற்கள் உள்ளன. எரிமலைக் குழம்பின் ஒரு வகைக்குரிய ஹவாய்த் தீவுச் சொல்லும், உயிராற்றலைக் குறிக்கும் சீனச் சொல்லும் அதில் அடங்கும். ஆடுவோரிற் பலர் அவற்றின் பொருளை ஒருபோதும் நாடார்; நாடவேண்டிய தேவையும் அவர்க்கில்லை. சொல்லென்பது அங்கே புள்ளி ஈட்டும் கருவி. எல்லாச் சொல்லும் பொருள் குறித்தனவே என்று கொண்ட இலக்கண மரபில் வந்த நமக்கு இது நெருடலைத் தருதல் இயல்பே. எனினும் இக்குறையை வெளிநாட்டு ஆட்டத்தின் குறை என்று மட்டும் கூறி நாம் விலகிவிட முடியாது. அது நம் இலக்கியத்துள்ளும் புகுந்த குறையே. அதனைக் காணத் தமிழின் எழுத்தாட்ட மரபினை நோக்குவாம்.

சித்திரகவியில் எழுத்தாட்டம்

எழுத்தை நீக்கியும் கூட்டியும் மாற்றியும் சொல் காணும் கலை தமிழுக்குப் புதிதன்று. தண்டியலங்காரத்தின் சொல்லணியியல் இதனை விரித்துரைக்கின்றது. ஒரு சொல்லின் எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டக் கூட்ட வேறுவேறு பொருள் தருமாறு அமைப்பது எழுத்து வருத்தனம். மலையைக் குறிக்கும் 'நகம்' ஓரெழுத்துக் கூடப் பொன்னாகிய 'கனக'மாகும். மேலும் ஓரெழுத்துக் கூடத் தாமரையாகிய 'கோகனக'மாகும். இதற்கு மறுதலையாக, எழுத்தை நீக்கிக்கொண்டே செல்வது அக்கரச்சுதகம். நெட்டெழுத்தின் மாத்திரையைக் குறைத்து வேறு சொல் காண்பது மாத்திரைச் சுருக்கம். வானம் வனமாவதும், பாடம் படமாவதும், காலம் கலமாவதும் இம்முறையால் என்க.

இவற்றுள் நம் ஆய்வுக்கு மிக நெருங்கியது திரிபாகி. மூன்றெழுத்துச் சொல் ஒன்றை எடுத்துக்கொள்ளுதல் வேண்டும். அம்மூன்றும் சேர்ந்து ஒரு பொருள் தரும். முதலெழுத்தும் ஈற்றெழுத்தும் சேர்ந்து மற்றொரு பொருள் தரும். இடையெழுத்தும் ஈற்றெழுத்தும் சேர்ந்து வேறொரு பொருள் தரும். காமனை எரித்த சிவபெருமானைக் குறிக்கும் 'காமாரி' என்னும் சொல்லில், முதலும் ஈறும் வள்ளலாகிய 'காரி'. இடையும் ஈறும் மழையாகிய 'மாரி'. தரப்பட்ட எழுத்துகளுள் சிறுசொல் தேடும் விளையாட்டு இதுவேயன்றோ!

இதற்கு எடுத்துக்காட்டுகள் அன்றாட வழக்கிலும் உள. தவளையுள் 'தளை'யும் 'வளை'யும் உண்டு. மதலையுள் 'மலை'யும் 'தலை'யும் உண்டு. தாமரையுள் நீரொழுக்காகிய 'தாரை'யும் மானினத்தைச் சார்ந்த 'மரை'யும் உண்டு. கவலையுள் 'கலை'யும் 'வலை'யும் ஒளிந்திருத்தல் காண்க. வகுப்பறையில் ஒருமுறை இதனைக் காட்டிவிட்டால், அடுத்த சொல்லை மாணவர் தாமே தேடத் தொடங்குவர்.

பினாங்குக்கும் இக்கலைக்கும் தொடர்பின்றில்லை. 1880களில் இங்கிருந்து 'வித்தியா விசாரிணி' என்னும் இதழை நடத்தியவர் நாகூர் குலாம் காதிறு நாவலர் (1833-1908). நாகூர்ப் புராணம் முதலிய நூல்களை இயற்றிய அப்பெரும்புலவர் திருமக்காத் திரிபந்தாதியும் பாடியவர். திரிபு என்பது அடிதோறும் முதலெழுத்து மட்டும் வேறுபட, அடுத்து வரும் எழுத்துகள் பலவும் ஒன்றி நின்று வெவ்வேறு பொருள் பயப்பது. ஒரே எழுத்துக் கூட்டத்தை நான்கடியிலும் நால்வேறு சொற்களாகப் பிரித்து வழங்கும் அருஞ்செயல் அது. செய்தியிதழ் நடத்திய கைகளே திரிபந்தாதியும் யாத்தன என்பது கருதத்தக்கது. எளிய உரைநடையும் எழுத்துநுட்பமும் அக்காலத்துப் புலவர்க்கு ஒன்றற்கொன்று பகையாகத் தோன்றவில்லை.

மரபின் வலிவும் மெலிவும்

சித்திரகவியை மிறைக்கவி என்றும் வழங்குவர். தற்காலத் திறனாய்வாளர் பலர் இதனை வெறும் சொற்சிலம்பம் என ஒதுக்கினர். அவர்தம் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. திருஞானசம்பந்தர் மூன்றாம் திருமுறையில் முன்னிருந்து படிப்பினும் பின்னிருந்து படிப்பினும் ஒன்றாகவே அமையும் மாலைமாற்றுப் பதிகம் அருளியுள்ளார். அதன் அமைப்பு வியக்கத்தக்கது. எனினும் உரையின் துணையின்றி அதன் பொருளை எய்தல் அரிது. அவருடைய பிற பதிகங்கள் கேட்ட அளவிலே நெஞ்சில் புகுவது போல் இஃது புகுவதில்லை. எழுத்தின் கட்டளை மிகுந்துழிப் பொருளின் ஓட்டம் தடைப்படும் என்பதற்கு இதுவே சான்று. பிற்காலத்தே ஆற்றல் குறைந்தோர் பலர் பக்தியும் பொருளுமின்றி அமைப்பை மட்டும் பின்பற்றியபோது, கலை வெறும் கணக்காயிற்று.

ஆயினும் ஒரு வேறுபாட்டை மறத்தல் கூடாது. திரிபாகி பாடும் புலவன் மூன்று சொல்லையும் கண்டெடுத்தால் மட்டும் போதாது. மூன்றின் பொருளையும் குறிப்பாக உணர்த்தும் வெண்பா ஒன்றனுள் அவற்றை அமைத்தாக வேண்டும். 'காரி' ஒரு சொல் என்று பட்டியல் சான்று பகர்ந்தால் அங்குப் போதாது. வள்ளல் என்று பொருள் சான்று பகர வேண்டும். ஸ்கிராபிளுக்கு அகராதி நடுவர். சித்திரகவிக்குப் பொருள் நடுவர். நம் மரபு தன் சிறந்த நிலையில் எழுத்தாட்டத்தைப் பொருளுக்குக் கட்டுப்படுத்தி வைத்திருந்தது என்பதே நான் வலியுறுத்த விழைவது.

இங்கு என் தவறொன்றைக் கூறுதல் பொருந்தும். இளமையில் பள்ளி விழா ஒன்றுக்காகப் பினாங்கு மலையைப் பற்றி விருத்தம் ஒன்று எழுதினேன். மலை என்று தொடங்கியபின் எதுகைக்காகக் கலை, சிலை, விலை என்று சொற்களை முதலில் வரிசையாக எழுதி வைத்துக்கொண்டேன். பின்னர் இடைவெளிகளை நிரப்பினேன். அவையினர் கைதட்டினர். விழா முடிந்தபின் முதிய தமிழாசிரியர் ஒருவர் அருகழைத்தார். "தம்பி, அந்த மலையில் சிலையை எங்கே கண்டாய்?" என்றார். "எதுகைக்காக வைத்தேன், ஐயா" என்றேன். "எதுகை உனக்கு வேலை செய்ய வேண்டும், நீ எதுகைக்கு வேலை செய்துவிட்டாய்" என்று கூறிப் புன்னகைத்தார். பிரெஞ்சு அறியாமல் பிரெஞ்சுச் சொல் அடுக்கியவரை விட நான் எவ்வகையில் உயர்ந்தவன்? அவர் ஆடியது ஆட்டம் என்பதையாவது அறிந்து ஆடினார். நானோ அதனைக் கவிதை என்று மயங்கினேன். நம் கவியரங்குகளிலும் பரிசுப் போட்டிகளிலும் எதுகை தேடி வந்த சிலைகளும் விலைகளும் இன்றும் குறைந்தபாடில்லை.

இலக்கணம் செய்யும் தேர்வு

அவ்வாறாயின் எழுத்தாட்டத்தைக் கைவிடலாமா எனின், ஆகாது. கவிதையின் இடத்தில் வைத்ததால்தான் அது பழிக்கப்பட்டது. அதற்குரிய இடம் வேறு. அஃது எழுத்திலக்கணம் கற்பிக்கும் வகுப்பறை. இதனை இரு மொழிகளையும் ஒப்பிட்டுக் காண்போம்.

ஆங்கிலத்தில் 'ஏ', 'ஈ', 'டீ' என்னும் மூன்று எழுத்துகளை எடுத்துக்கொள்வோம். இவற்றை ஆறு வகையாக அடுக்கலாம். ஓரடுக்கு 'உண்' என்று பொருள்படும், ஒன்று 'உண்டான்' என்று பொருள்படும், ஒன்று தேநீர், மற்றொன்று கிரேக்க எழுத்து ஒன்றன் பெயர். இடம் மாறுந்தோறும் எழுத்தின் ஒலியும் மாறுகின்றது. 'உண்' என்பதில் முன்னின்று ஒலித்த எழுத்து 'உண்டான்' என்பதில் இறுதியில் நின்று ஊமையாகின்றது. எந்த அடுக்கு சொல், எது சொல்லன்று என்பதைத் துணிய மாணவன் பெரும்பாலும் அகராதியையே நாடவேண்டியுள்ளது.

தமிழில் க, ட, ல் என்னும் மூன்றை எடுத்துக்கொள்வோம். இவற்றுக்கும் அடுக்கு ஆறே. அவை கடல், கல்ட, டகல், டல்க, ல்கட, ல்டக என்பன. தொல்காப்பியம் மொழிமரபில் மொழிக்கு முதலாகும் எழுத்துகளை வரையறுக்கின்றது. புள்ளி பெற்ற மெய் மொழிமுதல் ஆகாது. எனவே ல்கட, ல்டக நீங்கின. டகரம் மொழிமுதல் ஆகாது. எனவே டகல், டல்க நீங்கின. நூன்மரபு கூறும் மெய்ம்மயக்க விதிப்படி லகரமெய்யை அடுத்து டகரம் வாராது. எனவே கல்ட நீங்கிற்று. எஞ்சியது ஒன்றே; அதுவே கடல்! அகராதியைத் தொடாமல், பொருளைக் கூட நினையாமல், இலக்கணம் மட்டுமே ஆறனுள் ஐந்தைக் கழித்து உரிய சொல்லைக் கையில் தந்துவிடுகின்றது.

எல்லாச் சொல்லிலும் இவ்வாறே நிகழும் என்று கருதிவிடல் கூடாது. க, ப, ல் என்னும் மூன்றையும் அடுக்கினால், மெய் முதலாகிய இரண்டு மட்டுமே நீங்கும். பகல், பல்க, கபல், கல்ப என நான்கு எஞ்சும். ஒலி அமைதி நான்கிற்கும் உண்டு. தமிழ்ப்பொருள் பகலுக்கும், பெருக என்று பொருள்படும் பல்க என்பதற்கும் மட்டுமே உண்டு. இலக்கணம் வாயிலைத் திறக்கும். உள்ளே அழைத்துச் செல்வது பொருளே. இவ்விரண்டு எடுத்துக்காட்டுகளையும் அடுத்தடுத்துக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால், இலக்கணத்தின் ஆற்றலும் எல்லையும் ஒருங்கே விளங்கும்.

இனி, 247 என்னும் எண்ணைக் கண்டு அஞ்சிய குழந்தைக்கு வருவோம். தமிழுக்கு முதலெழுத்து 30 மட்டுமே. உயிர் 12, மெய் 18. உயிர்மெய் 216உம் இவற்றின் கூட்டமே. ஆய்தத்தையும் சேர்த்தே 247 என்கின்றோம். கடல் என்னும் சொல்லை உயிர்மெய்யாகவே நோக்குபவன் அதனுள் கல், கட என்னும் இரண்டையே காண்பான். க், அ, ட், அ, ல் எனப் பிரித்து நோக்குபவனோ கலத்தலாகிய 'கல', விளக்காகிய 'அகல்', வலிமையாகிய 'அடல்', இரவாகிய 'அல்' ஆகியவற்றையும் காண்பான். உயிரையும் மெய்யையும் பிரித்தறியும் இப்பயிற்சியே புணர்ச்சி இலக்கணத்தின் அடிப்படை. மெய்யின் மேல் உயிர் வந்து ஒன்றுவதை விதியாக ஒப்புவிக்கும் மாணவனை விட, அகலைக் கடலுள் கண்டெடுத்த மாணவன் அதனை நன்கு உணர்வான்.

இன்றைய வழக்கில் டத்தோ, டிக்கெட், பெல்ட் போன்ற சொற்கள் இவ்விதிகளை மீறி நிற்கின்றன என்பர். உண்மையே. முன்னோர் பிறமொழிச் சொல்லை ஏற்றபோது இராமன், இலட்சம் என உயிரெழுத்தை முன்னிறுத்தித் தமிழ்ப்படுத்தினர். நாம் பல இடங்களில் அவ்வாறு செய்யவில்லை. இம்மீறலையும் மறைக்காமல் மாணவர் முன் வைக்கலாம். எச்சொல் விதிக்குள் நிற்கின்றது, எது விருந்தாக வந்தது என்று வகைப்படுத்தச் செய்தால், மொழியின் வரலாறே அவர்க்குப் பாடமாகிவிடும்.

ஓரெழுத்தின் செல்வம்

ஆங்கில ஆட்டத்தில் ஓரெழுத்துச் சொல்லுக்கு இடமில்லை. ஈரெழுத்தே மிகச் சிறியது. தமிழிலோ சொல்லின் மிகச்சிறு அளவு ஓரெழுத்து. நன்னூலார் ஓரெழுத்து ஒருமொழி 42 என எண்ணிக் காட்டியுள்ளார். அவற்றுள் 40 நெட்டெழுத்தாலானவை; நொ, து என்னும் இரண்டே குற்றெழுத்தாலானவை. ஆ, ஈ, கை, தீ, பூ, பா, மை, வா, போ என்று குழந்தை முதன்முதல் பேசும் சொற்களிற் பல இப்பட்டியலில் அடங்கும். சோலையைக் குறிக்கும் கா, அரசனைக் குறிக்கும் கோ, உண்ணுதலைக் குறிக்கும் து போன்ற அருஞ்சொற்களும் அடங்கும். ஆங்கில ஆட்டக்காரர் பொருளறியாது நினைவிலிருத்தும் சிறுசொற்பட்டியலுக்கு இது முற்றும் வேறானது. இப்பட்டியலை ஓதுவது ஒருவகையில் உலகத்தை ஓதுவதே. பசுவும் நெருப்பும் மலரும் பாட்டும் அதில் இருக்கின்றன.

முடிவாக

பினாங்கில் 1816ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஆங்கிலப் பள்ளியில் தமிழ் வகுப்பும் இடம்பெற்றது. அதனையே தொடக்கமாகக் கொண்டு, இந்நாட்டுத் தமிழ்க் கல்வியின் இருநூறாம் ஆண்டினை 2016இல் கொண்டாடினோம். அன்றே ஆங்கிலமும் தமிழும் ஒரு கூரையின் கீழ் அமர்ந்தன. ஒன்றைக் கண்டு மற்றொன்று கற்பதில் இழிவில்லை. ஆங்கிலத்தாரிடமிருந்து எழுத்தைக் கையிலெடுத்து ஆடும் மகிழ்ச்சியைக் கற்போம். நம் மரபிலிருந்து, கண்டெடுத்த சொல்லுக்குப் பொருள் கூறும் பொறுப்பைக் கற்பிப்போம். தமிழாசிரியப் பெருமக்கள் வகுப்பில் இவ்வாட்டத்தை நடத்துங்கால் ஒரே ஒரு விதியை வகுத்துக்கொண்டால் போதும். பொருள் கூறி, அச்சொல்லை ஒரு தொடரில் அமைத்துக் காட்டினாலன்றிப் புள்ளி இல்லை என்பதே அவ்விதி.

அன்று மாலை அக்குழந்தையிடம் ஒரு தாளில் 'தவளை' என்று எழுதிக் கொடுத்தேன். சிறிது நேரம் உற்று நோக்கியபின் 'வளை' என்று கூறித் தன் கைவளையைக் காட்டினாள். 'தளை' என்பதை அவள் அறிந்திருக்கவில்லை. கட்டு என்றும், வெண்பாவின் சீர்களைப் பிணைப்பது என்றும் விளக்கினேன். "அடுத்த சொல் கொடுங்கள், மாமா" என்றாள். கொடுக்க நம்மிடம் சொற்களுக்கோ குறைவில்லை. கொடுப்பதே நம் கடன்.